பாடசாலைக் கடனும் பொதுமக்கள் காவலும்

கடனை எடுப்பவர் ஒருவர், அதனை இறுப்பவர் வேறொருவர் என்றால், பணம் போன வழியை யார் கேட்பது? ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், பாடசாலைக் கட்டடங்களைப் பொறுத்தவரையில், இவ்வினாவுக்குரிய விடையைச் சட்டத்திலேயே எழுதி வைத்துள்ளது.

அம்மாநிலத்தில் பாடசாலைகளை நிருவகிப்பவை, மக்கள் தேர்ந்தெடுக்கும் மாவட்டக் கல்விச் சபைகள். புதிய வகுப்பறைகள் வேண்டுமாயினும், ஒழுகும் கூரையை மாற்ற வேண்டுமாயினும், அவை பிணைமுறிகளை விற்றுக் கடன் பெறுகின்றன. முதலையும் வட்டியையும் அவ்வூரில் வீடும் நிலமும் உடையோர் தம் ஆதன வரியோடு சேர்த்துப் பல ஆண்டுகள் இறுக்கின்றனர். ஆகவே வாக்காளரின் சம்மதமின்றி இக்கடனைப் பெறுதல் இயலாது.

அச்சம்மதம் எளிதிற் கிடைப்பதன்று. 1978ஆம் ஆண்டின் 13ஆம் பிரேரணை ஆதன வரியை மதிப்பில் நூற்றுக்கு ஒன்றாக மட்டுப்படுத்தியபோது, இவ்வாறு கடன் பெறும் வழியே அடைபட்டது. 1986இல் அவ்வழி மீண்டும் திறக்கப்பட்டதாயினும், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு அறுபது பேர் ஆதரித்தும் பாடசாலை எழாமற் போகலாம். 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்ற பிரேரணையை மக்கள் நிராகரித்தனர். நவம்பரில் வந்த 39ஆம் பிரேரணை நூற்றுக்கு 55 எனக் கேட்டது, அது நிறைவேறிற்று. அதற்குக் கிடைத்த ஆதரவோ நூற்றுக்கு ஏறத்தாழ 53தான் என்பது சற்றே வேடிக்கை.

வாசலைத் தாழ்த்தியவர்கள் காவலையும் வைத்தனர். எந்தெந்த வேலைகளுக்குப் பணம் செலவாகும் என்ற பட்டியலை வாக்கெடுப்புக்கு முன்னரே வெளியிடவேண்டும். ஆசிரியர் சம்பளத்துக்கு அப்பணத்தைத் தொடலாகாது. ஆண்டுதோறும் இரு கணக்காய்வுகள் நடைபெறல் வேண்டும்: ஒன்று பணக் கணக்கை ஆராயும், மற்றது, பட்டியலிலுள்ள வேலைகளுக்கே பணம் சென்றதா என ஆராயும்.

அவ்வாண்டே இயற்றப்பட்ட துணைச் சட்டம் பொதுமக்கள் மேற்பார்வைக் குழுவைத் தோற்றுவித்தது. குறைந்தது எழுவர், ஊதியம் இல்லை. வணிகத் துறையினர் ஒருவர், முதியோர் அமைப்பைச் சார்ந்தவர் ஒருவர், வரியிறுப்பாளர் சங்கத்தவர் ஒருவர், மாணவரின் பெற்றார் ஒருவர், பெற்றார் ஆசிரியர் சங்கத்தில் உழைக்கும் பெற்றார் ஒருவர் ஆகியோர் இருத்தல் வேண்டும். மாவட்டத்தின் ஊழியர், ஒப்பந்தகாரர், பொருள் வழங்குவோர், ஆலோசகர் ஆகியோருக்கு அங்கே இடமில்லை. இக்குழு கட்டட வேலைகளை நேரிற் பார்வையிடலாம், கணக்காய்வு அறிக்கைகளை ஆராயலாம், பகிரங்கமாகவே கூடவேண்டும், ஆண்டுக்கு ஒரு தடவையேனும் ஊராருக்கு அறிக்கை தரவேண்டும்.

செலவைத் தடுக்கும் அதிகாரமோ அதற்கு இல்லை. கண்டதைச் சொல்லலாம், கையைப் பிடித்து நிறுத்த முடியாது. குழுவினரை நியமிப்பதும், கண்காணிக்கப்படும் அந்தச் சபையே. கேள்வி கேட்கப்படுபவர் கேட்பவரைத் தெரிவு செய்யும் இம்முறையிற் பெலவீனம் உண்டென்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. மாநிலத்தின் லிட்டில் ஹூவர் ஆணைக்குழு 2009இலும் 2017இலும் இம்மேற்பார்வையை வலுப்படுத்த வேண்டும் என அறிக்கை வெளியிட்டது. எனினும் சட்டம் வேறொரு கதவையும் வைத்துள்ளது: பட்டியலுக்குப் புறம்பாகப் பணம் செலவாகுமாயின், வரியிறுப்போர் நீதிமன்றம் சென்று தடையுத்தரவு கோரலாம்.

குழுவின் கண் செலவின் மீதே பதிந்திருக்கிறது. கடன் எடுக்கும் விதம் அதன் பார்வைக்கு அப்பாற்பட்டது. சான்டியாகோவுக்கு அண்மையிலுள்ள போவே மாவட்டம் 2011இல் 105 மில்லியன் டொலர் கடன் பெற்றது. தவணைகள் 2033இலேயே தொடங்கும். அதுவரை வட்டி குட்டிபோட்டுக்கொண்டிருக்கும். இறுதியில் இறுக்கவேண்டிய தொகை ஏறத்தாழ 981 மில்லியன் டொலர். ஒவ்வொரு செங்கல்லுக்கும் கணக்குச் சரியாயிருந்தாலும் இச்சுமை குறையாது. 2013இல் மாநிலச் சட்டசபை இத்தகைய கடன்களுக்கு வரம்பு கட்டியது: இறுக்கும் மொத்தத் தொகை முதலின் நான்கு மடங்கை மீறலாகாது, காலம் 25 ஆண்டுகளைத் தாண்டலாகாது.