நாராசமும் கிளிமூக்கும்

சுவடி வீணானால் செல்லின் மேலும் இராமபாணப் பூச்சியின் மேலும் பழியைப் போட்டுவிடுவது வழக்கம். ஏட்டின் துளையை ஒருமுறை உற்றுப் பார்த்தால் இன்னொரு குற்றவாளியும் அகப்படும்: கயிறு.

ஏட்டில் பொதுவாக இரண்டு துளைகள். ஒன்றில் நாராசம் எனப்படும் செப்புக் கம்பியோ மூங்கில் குச்சியோ நிற்கும். மற்றதன் வழியே கயிறு ஓடும். கயிற்றின் நுனி துளைக்குள் உருவிப் போகாதபடி பனையோலையைக் கிளியின் அலகு போல நறுக்கிக் கோத்திருப்பார்கள், பெயரே கிளிமூக்கு. அழகான ஏற்பாடுதான். ஆனால் ஏடுகளைத் தள்ளித் தள்ளிப் படிக்கையில் கயிறு துளையின் விளிம்பை அரம் போல அராவுகிறது. வட்டத் துளை நீண்டுபோகும். அங்கிருந்து ஓலையின் நரம்பு வாக்கில் ஒரு கீறல் ஓடும். இறுக்கிக் கட்டினால் சேதம் கூடும், தளர விட்டால் ஓலை வளையும். அதனால்தான் ஏட்டைவிடச் சற்றே பெரிய மரச்சட்டங்களுக்கு நடுவே வைத்து, சட்டத்தின் மேல் சுற்றிக் கட்டச் சொல்கிறார்கள். அழுத்தம் துளையில் விழாமல் ஏடு முழுதும் பரவும்.

எழுத்தாணி மை விடுவதில்லை. ஓலையைக் கீறும், அவ்வளவே. கீறலுக்குள் தேய்த்த கரிதான் எழுத்தாகத் தெரிகிறது. பசை வற்றிய ஓலை அப்பளம் போல நொறுங்கும் என்பதால், பஞ்சில் எலுமிச்சைப்புல் எண்ணெயைத் தொட்டு மெல்லத் துடைக்கிறார்கள். ஓலை நெகிழும், எண்ணெயிலுள்ள சிட்ரால் பூஞ்சையையும் பூச்சியையும் ஓரளவு தடுக்கும். அதே எண்ணெயில் விளக்குக்கரியைக் குழைத்துப் பூசி, மிகுதியை வழித்துவிட்டால், வெற்றோலை போலக் கிடந்த ஏட்டில் வரிவரியாக எழுத்து எழுந்து வரும். இதில் தாராளம் கூடாது. எண்ணெய் மிஞ்சினால் தூசி ஒட்டும், ஓலை கறுக்கும். வண்ணம் தீட்டிய ஏட்டிலோ இந்த வேலையே ஆகாது; படம் பஞ்சோடு வந்துவிடும்.

சிவப்புத் துணியில் கட்டினால் பூச்சி அண்டாது என்பது நெடுநாள் நம்பிக்கை. ஈரம் பட்டால் அந்தச் சாயம் ஏட்டில் இறங்கும். சாயமிடாத பருத்தித் துணியே போதும்.

பகலெல்லாம் ஏசி, மாலையில் அறையைப் பூட்டும்போது அதையும் அணைப்பது சிக்கனமாகத் தோன்றலாம். ஓலைக்கு அது தண்டனை. ஈரப்பதம் தினமும் ஏறி இறங்க, ஓலையும் விரிந்து சுருங்கும். 50 முதல் 60 விழுக்காட்டுக்குள் நிலையாக இருப்பது நல்லது. 70-ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பூக்கும்.

சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடித் தொகுப்பை 1997இல் யுனெஸ்கோ தன் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. இப்படிப்பட்ட சுவடிகளைப் பார்க்க மக்கள் ஆசைப்படுவது இயல்பு. ஆனால் பார்க்க வெளிச்சம் வேண்டும், வெளிச்சமே ஓலைக்குப் பகை. கரி மங்காது, ஓலைதான் நிறம் மாறும். கணக்கும் கறாரானது: 50 லக்ஸில் பத்து மணி நேரமும் 100 லக்ஸில் ஐந்து மணி நேரமும் ஒரே அளவு சேதம். எனவே 50 லக்ஸைத் தாண்டாமல் விளக்கை வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை ஏட்டை மாற்றுகிறார்கள். வெயிலிலிருந்து உள்ளே வருபவர் விளக்கு எரியவில்லையா என்று கேட்பார். ஓரிரு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும், எழுத்து தெரியும்.