கணுக்கால் நரம்பு நெரிசல்: சத்திரசிகிச்சை யாருக்குக் கைகொடுக்கும்?

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் கால் வலித்தால், மலை ஏறி இறங்கிய அசதி என்று தைலம் தடவிப் படுத்துவிடுவார்கள். ஆனால் உள்ளங்கால் எரிவதும், விரல்கள் மரத்துப்போவதும், இரவில் சுள்ளென்று குத்தி எழுப்புவதும் அசதி அல்ல. அங்கே நரம்பு நெரிபடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்கே நெரிகிறது?

கணுக்காலின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் ஒடுங்கிய வழி ஒன்று உண்டு. தடித்த நார்ப்பட்டை அதை மூடியிருக்கும். உள்ளங்காலுக்கு உணர்வு தரும் நரம்பு, தசைநாண்களோடும் இரத்தக் குழாய்களோடும் அதற்குள்ளேதான் போகிறது. நீர்க்கட்டி, புடைத்த இரத்த நாளம், தட்டைப் பாதம், பழைய எலும்பு முறிவு என எதனாலும் அந்த வழி இறுகலாம். நார்ப்பட்டையை வெட்டி நரம்பை விடுவிப்பதுதான் சத்திரசிகிச்சை.

காலையில் முதல் அடி வைக்கும்போது மட்டும் குதிகால் வலித்தால், அது பெரும்பாலும் வேறு நோய். இடுப்பிலிருந்து வலி இறங்கினால் முதுகையும் பார்க்க வேண்டும்.

விரலால் ஒரு தட்டு

வெளியான ஆய்வுகளில் இந்தச் சிகிச்சையின் வெற்றி 44 முதல் 96 சதவீதம் வரை வேறுபடுகிறது. வெட்டும் கை மட்டுமல்ல, ஆளைத் தெரிந்தெடுப்பதும் இதற்கு ஒரு காரணம் என்பேன்.

நெரியும் இடத்தில் வைத்தியர் விரலால் தட்டும்போது மின்சாரம் பாய்ந்ததுபோல் பாதத்துக்குள் ஓடினால், அது நல்ல அறிகுறி. பிரெஞ்சு மருத்துவர் டினெல் 1915இல் விவரித்த சோதனை இது. கருவி எதுவும் வேண்டாம். ஸ்கேனில் கட்டி போன்ற தெளிவான காரணம் தெரிந்தால் நம்பிக்கை இன்னும் கூடும். நோய் தொடங்கி ஓராண்டுக்குள் வந்தவர்களுக்குப் பலன் அதிகம். காரணமே பிடிபடாதவர்களுக்கும், காயத் தழும்பு நரம்பைச் சுற்றி இறுகியவர்களுக்கும், முன்பே ஒருமுறை வெட்டியவர்களுக்கும் அது குறைவு. நரம்பு மின்னோட்டப் பரிசோதனை உதவும். ஆனால் அதில் எல்லாம் சரியாக இருந்தாலும் நெரிசல் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

சீனி வருத்தம் இருந்தால்

இரண்டு பாதமும் ஒன்றாக மரத்துப்போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சீனியைத்தான். சீனியால் நலிந்த நரம்பு நெரிபடவும் கூடும். அப்படிப்பட்டவர்களில் தட்டும்போது மின்னல் ஓடுகிறவர்களுக்குச் சத்திரசிகிச்சை உதவும் என்று அமெரிக்க மருத்துவர் டெலன் பல ஆண்டுகளாக வாதிட்டார். 2006இல் அமெரிக்க நரம்பியல் கழகம் இதற்குப் போதிய சான்று இல்லை என்றது. சீனி கட்டுக்குள் இல்லாத காலில் காயம் ஆறுவதும் கடினம். ஆகவே முதலில் கிளினிக் மருந்து, அதன்பிறகே கத்தி.

வெளிறிய, உணர்வற்ற தேமல் இருந்தால் தொழுநோய்க்கும் பார்க்க வேண்டும். இலங்கையில் இன்றும் ஆண்டுதோறும் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகிறார்கள். இந்த நோய் தாக்கும் நரம்புகளில் கணுக்கால் நரம்பும் ஒன்று. இதற்கு மாத்திரை உண்டு.

வெட்டும் முன்

பாதத்துக்குத் தாங்கு தரும் செருப்பு, ஓய்வு, மருந்து, சிலருக்கு ஊசி ஆகியவற்றை முதலில் முயன்று பார்ப்பார்கள். கட்டி இருந்தால் அதிகம் காத்திருக்கத் தேவையில்லை.

சத்திரசிகிச்சைக்குப் பின் சில வாரங்களாவது காலை ஊன்றி மலை ஏற முடியாது. அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்தாலே தடுமாறும் குடும்பத்துக்கு இது பெரிய இழப்பு. அதனால் திகதி எடுக்கும்போதே, எத்தனை நாளில் மலைக்குப் போகலாம் என்று வைத்தியரிடம் கேட்டு, மருத்துவச் சான்றிதழையும் வாங்கித் தோட்டத்துக் கந்தோரில் கொடுத்துவிடுங்கள்.