ஐம்பதாயிரம் வருஷத்து ஊசிக்கோடு!

திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு நிட்டிங் கம்பெனிக்குள் நுழைந்து பாருங்கள். வட்டமான மெஷினிலிருந்து பனியன் துணி குழாய்போல் இறங்கிக்கொண்டிருக்கும். எத்தனையோ ஊசிகளில் ஒன்றே ஒன்று பழுதானால் போதும். துணி நெடுக மெல்லிய கோடு விழுந்துவிடும். அந்தத் துணியைப் பத்துத் துண்டாக வெட்டிப் பத்து ஊருக்கு அனுப்பினாலும், "எல்லாம் ஒரே மெஷினில ஓடினதுங்க" என்று கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார், செக்கிங் பார்ப்பவர்.

மனித உடம்பிலும் இப்படி ஒரு கோடு ஓடுகிறது!

ஆண்களிடம் மட்டும் உள்ளது 'ஒய்' குரோமோசோம். தகப்பனிடமிருந்து மகனுக்கு, அநேகமாக மாறாமலே வரும் சொத்து அது. சுமார் 6 கோடி எழுத்துக்கள் கொண்ட அந்தச் சுவடியைப் பிரதி எடுக்கையில், எப்போதாவது ஓர் எழுத்து பிசகும். பிசகிய எழுத்து மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று வழிவழியாகத் தொடரும். இதைத்தான் விஞ்ஞானிகள் 'மரபுக் குறி' என்கிறார்கள்.

'எம் 130' என்பது அப்படி ஒரு குறி. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடம் காணப்படும் இக்குறியை, மதுரைப் பக்கத்துக் கிராமவாசி ஒருவரின் ரத்தத்திலும் கண்டார்கள், மதுரை காமராஜர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பனும், அமெரிக்க விஞ்ஞானி ஸ்பென்சர் வெல்ஸும். ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய ஆதி மனிதர்கள், 50,000 ஆண்டுகளுக்கும் முன்பே நம் கடற்கரையோரமாகக் கிழக்கே நடந்தார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி!

பிறகு பிச்சப்பன் குழுவினர் தமிழ்நாட்டில் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் 'ஒய்' குரோமோசோமை ஆராய்ந்தார்கள். முடிவு 2012-ல் வெளிவந்தது. இச்சமூகங்கள் பிரியத் தொடங்கியது 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன். அதாவது, வருண முறை வருவதற்கும் முந்தி, உழவு பரவிய காலத்தில்!

வைத்தியத்திலும் இது உபயோகப்படுகிறது. 'ஒய்' குரோமோசோமில் சில துணுக்குகள் விடுபட்டிருந்தால் ஆணுக்கு விந்தணு உற்பத்தி குறையலாம். அடியோடு இல்லாமலும் போகலாம். குழந்தை இல்லையென்று மருமகளையே குற்றம் சொல்லும் மாமியார்கள் கவனிக்க!

ஆனால் ஒரு விஷயம். பத்துத் தலைமுறை பின்னால் போனால், கணக்குப்படி உங்களுக்கு 1,024 முன்னோர்கள். 'ஒய்' பேசுவது அதில் ஒரே ஒருவரைப் பற்றி! உங்களைத் தூக்கி வளர்த்த அம்முச்சியைப் பற்றியோ, அப்புச்சியைப் பற்றியோ அது வாயே திறக்காது. இதை வைத்துக் குலப்பெருமை பேசினால் எடுபடுமா?

இன்னும் பின்னால், இரண்டு மூன்று லட்சம் ஆண்டுகள் போனால், எல்லா ஆண்களின் கோடுகளும் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரே மனிதரிடம் போய்ச் சேருகின்றன. வேலம்பாளையத்து முதலாளியும், ஒடிஷாவிலிருந்து வந்து அவரிடம் மெஷின் ஓட்டும் பையனும் அதற்கு விலக்கல்ல.

இனி யாராவது, "நாங்க வேற ரத்தமுங்க" என்று மீசையை முறுக்கினால், கோபப்படாதீர்கள். சிரித்துக்கொண்டே, "எல்லாம் ஒரே மெஷினில ஓடினதுங்க!" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.