பிள்ளை திக்கித் திக்கிக் கதைக்கிறதா? காட்டுவதற்குக் காசு தேவையில்லை

இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில்தான் பெரும்பாலும் திக்கல் தொடங்கும். நூறு பிள்ளைகளில் ஐந்து முதல் எட்டுப் பேர் வரை கொஞ்சக் காலமாவது திக்குவார்கள். கூடுதலானவர்களுக்கு அது தானாக மாறிவிடும், சிலருக்கு மாறாது. யாருக்கு மாறும் என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. ஆனபடியால் "வளர வளரச் சரிவரும்" என்று பேசாமல் இருக்க வேண்டாம்.

"நான் நான் நான் வாறன்" என்று முழுச் சொல்லைத் திருப்பிச் சொல்வது சின்ன வயதில் சாதாரணம். "அ-அ-அ-அம்மா" என்று முதல் எழுத்தில் நிற்பது, "ம்ம்ம்மாமா" என்று இழுப்பது, வாய் திறந்தும் சத்தம் வராமல் இருப்பது, கண்ணை இறுக்கி மூடுவது, சொல்ல வந்ததை விட்டுவிட்டு "ஒண்டுமில்லை" என்று போய்விடுவது, இவைதான் கவனிக்க வேண்டியவை. குடும்பத்தில் வேறு யாருக்கும் திக்கல் இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஆண் பிள்ளைகளுக்கு அது நீடிக்கும் வாய்ப்பும் அதிகம்.

எங்களிடம் வரும் தாய்மார் பலர் முதலில் தங்களைத்தான் குற்றம் சொல்கிறார்கள். பயணத்தில் பிள்ளை பயந்துவிட்டது, ஒரு அறைக்குள் அடைத்து வைத்திருக்கிறோம், இரண்டு பாஷை படிப்பித்துக் குழப்பிவிட்டோம் என்கிறார்கள். திக்கல் மூளை பேச்சை ஒழுங்குபடுத்தும் விதத்தோடு சம்பந்தப்பட்டது, பரம்பரைக்கும் அதில் பங்குண்டு. பெற்றோரின் வளர்ப்பால் வருவதல்ல. இரண்டு மொழி பேசுவதாலும் வராது. தயவுசெய்து வீட்டில் தமிழை நிற்பாட்ட வேண்டாம். வசம்பு உரைத்து நாக்கில் தடவுவதாலும் இது மாறாது.

இங்கிலாந்தில் பிள்ளைக்கு இரண்டு, இரண்டரை வயதில் ஹெல்த் விசிட்டர் குழுவினர் வளர்ச்சியைப் பார்ப்பார்கள். மூன்று நாலு வயதுப் பிள்ளையோடு இப்போதுதான் வந்து இறங்கியவர்களுக்கு அந்தச் சந்தர்ப்பம் தவறிப் போயிருக்கும். பிள்ளை அதற்குப் பிறகு திக்கத் தொடங்கியிருக்கவும் கூடும். ஆகவே யாராவது கண்டுபிடித்துச் சொல்வார்கள் என்று பார்த்திருக்க ஏலாது. நீங்களே வாய் திறக்க வேண்டும்.

முதலில் ஜீ.பீ. டொக்டரிடம் பதியுங்கள். பதிவதற்கு பாஸ்போர்ட்டோ விலாச அத்தாட்சியோ கட்டாயமில்லை, ஹோட்டலில் இருப்பவர்களும் பதியலாம். அங்கே "பிள்ளை திக்குகிறது, ஸ்பீச் தெரபிக்கு அனுப்புங்கள்" என்று நேராகக் கேளுங்கள். பல இடங்களில் ஸ்பீச் தெரபி பகுதிக்குப் பெற்றோரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். நேர்சரி ஆசிரியரும் அனுப்பலாம். மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளுக்குக் கிழமைக்கு 15 மணித்தியால நேர்சரி இலவசம், அதற்கு உங்கள் விசா நிலை தடையில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையென்றால், விசேட தேவைகளுக்குப் பொறுப்பான ஆசிரியரை, அதாவது சென்கோவை, சந்திக்கக் கேளுங்கள்.

ஜேர்மனியில், கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் "என்ன காப்புறுதி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். இங்கே நீங்கள் காப்புறுதி வாங்கத் தேவையில்லை. அசைலம் கேஸ் நடக்கும் வரை குடும்பம் முழுவதுக்கும் என்.எச்.எஸ். வைத்தியம் இலவசம், பேச்சுச் சிகிச்சையும் அதில் அடங்கும். கேஸ் நிராகரிக்கப்பட்டு அப்பீலும் முடிந்தவர்களுக்கு இங்கிலாந்தில் சில சேவைகளுக்குக் கட்டணம் வரலாம். ஆனால் ஹோம் ஒபிஸின் செக்‌ஷன் 95 அல்லது செக்‌ஷன் 4(2) உதவி பெறுபவர்களுக்கு அதுவும் இல்லை. பில் வந்தால் பயந்து ஒளிக்காமல் எங்களிடம் கொண்டு வாருங்கள். பிள்ளைக்குச் சிகிச்சை எடுத்தால் கேஸ் பழுதாகும் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது பிழையான கதை.

தமிழ் மொழிபெயர்ப்பாளரை என்.எச்.எஸ். இலவசமாக ஒழுங்கு செய்யும். முன்கூட்டியே கேளுங்கள். மூத்த பிள்ளையைக் கூட்டிப்போய் மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

காத்திருக்கும் காலம் பல இடங்களில் மாதக் கணக்கு. அதுவரை வீட்டில் செய்யக்கூடியது உண்டு. "மெதுவாச் சொல்லு", "மூச்செடுத்துச் சொல்லு" என்று திருத்த வேண்டாம். சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்க வேண்டாம். முகத்தைப் பார்த்து, அது சொல்லி முடிக்கும் வரை இருங்கள். உங்கள் பேச்சின் வேகத்தைக் குறையுங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் டெலிபோனை வைத்துவிட்டு, பிள்ளை விரும்பும் விளையாட்டில் கூட இருங்கள். ஹோட்டல் அறையில் அதுவே கஷ்டம்தான், தெரியும்.

ஊரில் நான் படிப்பித்த வகுப்புகளில், வாசிப்பு முறை வரும் நேரம் பார்த்துத் தண்ணி குடிக்கப் போகும் பிள்ளை எப்போதும் ஒன்று இருக்கும். எல்லோரும் அதைக் குழப்படி என்பார்கள். உங்கள் பிள்ளையும் பள்ளியில் வாயே திறக்கவில்லை என்று சொன்னால், இங்கிலிஷ் தெரியாததால்தான் என்று உடனே முடிவு கட்டாமல் வீட்டில் தமிழில் எப்படிக் கதைக்கிறது என்று ஆசிரியருக்குச் சொல்லுங்கள்.

ஹோம் ஒபிஸ் உங்களை வேறு ஊருக்கு மாற்றினால், போகமுதல் ஸ்பீச் தெரபி பகுதிக்கு அறிவித்து, பிள்ளையின் அறிக்கையில் ஒரு பிரதி வாங்குங்கள். புது ஊரில் ஜீ.பீ.யிடம் பதியும் நாளே அதைக் கொடுத்து, ஏற்கெனவே காத்திருந்த காலத்தையும் கணக்கில் எடுக்கும்படி கேளுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால், பிள்ளையின் என்.எச்.எஸ். இலக்கத்தோடு எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள்.