காணாமையும் கருதலும்

காணாமற்போதல் என்பது, ஆழ்ந்து நோக்கின், போனவரைப் பற்றிய செய்தியன்று. தேடுவோரின் அறிவைப் பற்றிய செய்தி. வீட்டைவிட்டு வெளியேறிய ஒருவர் எங்கோ ஓரிடத்தில், ஏதோ ஒரு நிலையில் இருந்தே தீர்கிறார். அவ்விடமும் அந்நிலையும் நமக்குத் தெரியாமையையே காணாமை என்கிறோம். இவ்வரையறையை முதலிற் கொள்ளாதவர்கள், தம் அறியாமையை எடுத்துப் போனவரின் வாழ்க்கைமேல் ஏற்றி, அங்கே பெரும் மறைபொருள் ஒன்று புதைந்து கிடந்ததாக நம்பத் தொடங்குகின்றனர். காணொளிகளையும் ஒளிப்படங்களையும் வைத்துக்கொண்டு, கணினித் திரைமுன் அமர்ந்தபடியே துப்புத் துலக்கப் புகும் அயலாரை இங்கு இணையத் துப்பாளர் என்போம். அவர்கள் தீயவரல்லர், பெரும்பாலோர் இரக்கமும் ஆர்வமும் உடையவரே. ஆயினும் அவர்தம் முடிவுகள் திரும்பத் திரும்பப் பிழைப்பதேன் என்பது அறிவியல் விடை சொல்ல வேண்டிய வினா.

அறியும் வழிகளைத் தமிழ் அளவைநூலார் காட்சி, கருதல், உரை எனத் தலையாய மூன்றாக வகுத்தனர். கண்முன் நிற்பதை அறிவது காட்சி. அறிந்த அடையாளத்தைக் கொண்டு அறியாத பொருளைத் துணிவது கருதல். அறிந்தார் சொல்லக் கேட்டு அறிவது உரை. ஒருவர் காணாமற்போன நொடியிலேயே காட்சி முடிந்துவிடுகிறது. எஞ்சுவன கருதலும் உரையுமே. கருதல் பிழையாதிருக்க அடையாளமும் பொருளும் பிரியாத் தொடர்புடையனவாதல் வேண்டும். உரை பிழையாதிருக்கச் சொல்பவர் அறிந்தவராகவும், சொல்லால் ஊதியம் பெறாதவராகவும் இருத்தல் வேண்டும். பார்வையாளர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் ஈட்டும் வலையொளியாளர் இவ்விரண்டாம் கட்டளையில் தோற்றுவிடுகிறார் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

காணாமைக்கு ஏதுவாவன நான்கு: தன் விருப்பால் நீங்குதல், நேர்ச்சி, நோய், பிறர் செயல். நம் காவல் நிலையங்களில் ‘பெண் காணவில்லை’ எனப் பதிவாகும் வழக்குகளுள் மிகுதியானவை, தேடப்பட்டவர் உயிருடன் கிடைத்து முடிபவை. இணையத் துப்பாளரோ நான்காவதிலிருந்தே தொடங்குவர். பிறர் செயல் ஒன்றில்தான் கொடியவன் உண்டு. கொடியவன் இருந்தால்தான் கதை உண்டு.

இனி உலகறிந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். கனடா நாட்டுப் பல்கலைக்கழக மாணவி ஒருவர், அகவை 21, தனியே நெடுஞ்செலவு மேற்கொண்டு அமெரிக்காவின் லாசு ஏஞ்சலிசு நகரில் செசில் என்னும் விடுதியில் தங்கியிருந்தார். 2013 சனவரி 31க்குப் பின் அவரைக் கண்டவர் இல்லை. இரு கிழமை கழிந்த பின், விடுதி மின்தூக்கியின் கண்காணிப்புக் கருவி பதிந்த காணொளியைக் காவல்துறை பொதுமக்கள் உதவி வேண்டி வெளியிட்டது. ஏறத்தாழ நான்கு மணித்துளி நீளும் படம் அது. மாணவி உள்ளே வருகிறார், குனிந்து பொத்தான்களை ஒரு வரிசை முழுதும் அழுத்துகிறார், கதவு மூடவில்லை. மூலையில் ஒதுங்குகிறார், தலையை நீட்டி நடைவழியின் இருபுறமும் பார்க்கிறார், வெளியே நின்று, எதிரில் எவரோ இருப்பதுபோல் கைகளை விரித்து அசைக்கிறார், பின்னர்ப் படத்தைவிட்டு நீங்குகிறார். அதன் பிறகே கதவு மூடுகிறது.

இவ்வளவே காட்சி. இதன்மேல் எழுந்த கருதல்களோ எண்ணிலடங்கா. படத்தின் ஓட்டம் மெதுவாக்கப்பட்டது என்றனர். நொடிகள் சில வெட்டப்பட்டன என்றனர். படத்திற்கு வெளியே கொலைஞன் நிற்கிறான் என்றனர். பேய் என்றாரும் உளர். பிப்ரவரி 19 அன்று, குழாயில் நீர் குறைவாக வருகிறது என விருந்தினர் முறையிட, மேல்தளத்தில் நின்ற நான்கு தொட்டிகளைப் பார்க்கச் சென்ற பணியாளர், ஒன்றனுள் மாணவியின் உடலைக் கண்டார். தொட்டியின் மூடி மூடியிருந்தது என்னும் செய்தி பரவவே, உள்ளே விழுந்தவர் தாமே மூட இயலாது, ஆகவே இது கொலை எனத் துப்பாளர் துணிந்தனர். கருதல் முறையில் குறையில்லை. அதன் அடித்தளமே பொய். உடலைக் கண்ட பணியாளர், மூடி திறந்தே இருந்ததென அறமன்ற வழக்கில் பின்னர்ச் சான்றுரைத்தார். ஒரு மூடியின் மேல் எழுப்பப்பட்ட கோட்டை அவ்வொரு சொல்லாற் சரிந்தது. 2013 சூனில் வெளியான உடற்கூராய்வு முடிவு, இது நீரில் மூழ்கிய நேர்ச்சி என்றும், இருமுனை உளப்பிறழ்வு அதற்குத் துணைநின்றது என்றும் கூறியது. நான்கு ஏதுக்களுள் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து நிகழ்ந்தது அது. கோடிக் கணக்கானோர் பார்த்துப் பார்த்துச் சலித்த காணொளியில் நோயுற்ற ஒருவர் அச்சத்தில் தவித்தார் என்னும் எளிய விளக்கமே கடைசியாகத்தான் இடம் பெற்றது.

இவ்வழக்கில் தற்செயல் ஒப்புகள் இரண்டு பெரிதும் பேசப்பட்டன. அவ்விடுதியை அடுத்த பகுதியில் அக்காலத்தே என்புருக்கி நோய் பரவியிருந்தது. அந்நோயைக் கண்டறியும் ஆய்வுமுறை ஒன்றின் பெயர், மாணவியின் பெயரை முன்பின்னாக மாற்றியதுபோலவே அமைந்திருந்தது. மேல்தள நீர்த்தொட்டியில் ஒரு சிறுமியின் உடல் கிடப்பதாகச் சப்பானியத் திரைப்படம் ஒன்றும் முன்பே வந்திருந்தது. இவை வெறும் தற்செயலாகுமா என்று வினவினர். ஆகும். எதனோடு எதை ஒப்பிடுவது என முன்கூட்டியே வரையறுக்காமல், உலகிலுள்ள நோய்ப்பெயர், படப்பெயர், நாள், எண் அனைத்தோடும் ஒப்பிடத் தொடங்கினால், ஒப்பு கிடைக்காமற்போவதே வியப்பு. ஓர் அறையில் 23 பேர் கூடினால் அவருள் எவரேனும் இருவர் ஒரே நாளில் பிறந்திருத்தற்குப் பாதிக்கு மேற்பட்ட நிகழ்தகவு (இனித் தகவு) உண்டு என்பது கணக்கியல் காட்டும் உண்மை; 23 பேரிடையே 253 இணைகள் இருப்பதே அதற்கு ஏது. இதையும் பாருங்கள்: இங்கிலாந்தின் வயர் ஆற்றங்கரையில் 2023 சனவரி 27 அன்று நாயோடு உலவச் சென்று காணாமற்போன தாய் ஒருவரின் உடல் கிடைத்ததும் பிப்ரவரி 19 அன்றே, அதாவது, லாசு ஏஞ்சலிசு நிகழ்வுக்குச் சரியாகப் பத்தாண்டு கழித்து, அதுவும் நீரிலேயே. இடைப்பட்ட நாள்கள் 23. மேலே சொன்ன அறையிலும் 23 பேர். இவற்றைக் கோத்து ஒரு சூழ்ச்சியை எழுப்ப இணையத்தில் ஒரு மாலைப்பொழுது போதும். பொருளோ ஒன்றுமில்லை.

தற்செயல் ஒப்பு மெய்யான ஒருவரையும் துன்புறுத்தியது. செசில் விடுதியில் ஓராண்டுக்கு முன் தங்கிக் காணொளி வெளியிட்டிருந்த மெக்சிக்கோ நாட்டு இசைஞர் ஒருவரைத் துப்பாளர் கொலைஞன் எனச் சுட்டினர். இருண்ட பாடல் பாடுவார், முகத்தில் சாயம் பூசுவார் என்பவை சான்றுகள். மாணவி மறைந்த காலத்தில் அவர் தம் நாட்டிலேயே இருந்தார். கொலைமிரட்டல்கள் அவரை விடவில்லை. இங்கே பிழைத்தது முன்தகவு. ஓர் அடையாளத்தைக் காணுமுன்பே ஒரு நிகழ்வுக்கு உள்ள தகவு எவ்வளவோ அதுவே முன்தகவு. 10,000 பேர் வாழும் ஊரில் குற்றவாளி ஒருவரே எனவும், குறித்த அடையாளம் அவரிடம் தவறாது இருக்கும் எனவும், ஏனையோருள் நூற்றுவருக்கு ஒருவரிடமும் அது இருக்கும் எனவும் கொள்வோம். அடையாளம் உடையோர் ஏறத்தாழ 101 பேர் ஆவர். சுட்டப்பட்டவர் குற்றவாளியாதற்குரிய தகவு 101இல் ஒன்றே. 100 பேர் ஏதுமறியாதவர். தாமசு பேயீசு என்னும் ஆங்கிலச் சமயத் தொண்டர் எழுதிவைக்க, அவர் மறைந்த பின் 1763இல் வெளிவந்த நெறியின் சாறு இதுவே.

இந்நெறியின் பயன்பாட்டை நம் ஆறுமுகநேரி ஊரார் பேயீசிடம் கேட்டறிய வேண்டியதில்லை. நம் உப்பளங்களுக்கு அப்பால் விரியும் மன்னார்க் குடாக்கடலில் முத்துக்குளிப்பு அறிவிக்குமுன், பார் எனப்படும் சிப்பித் திட்டுகளிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, ஆயிரத்திற்கு இவ்வளவு பெறும் எனக் கணித்த பிறகே சலாபம் எனப்படும் அம்முத்துக்குளிப்பை நடத்தலாமா வேண்டாமா என்று முடிவு செய்தனர். ஒரு சிப்பியில் பெருமுத்து கண்டவுடன் பார் முழுதும் முத்தென்று எவரும் ஏலம் கேட்கவில்லை. இணையத் துப்பாளர் செய்வதோ அதனையே.

அடுத்த பிழை நுண்ணியது, கற்றாரையும் மயக்குவது. ஒரு கதையில் விவரம் கூடக்கூட அது மெய்போல் தோன்றும். ஆனால் அதன் தகவு குறைந்துகொண்டே போகும். தானியேல் கானமனும் ஆமோசு துவெர்சுக்கியும் 1983இல் இம்மயக்கத்தை ஆய்வால் நிறுவினர். அவள் ஒருவனைச் சந்தித்தாள், அவன் விடுதிப் பணியாள், அவனிடம் சாவி இருந்தது, அவன் படத்தை வெட்டினான், மேலாளர் மறைத்தார் என ஐந்து கண்ணிகள் உடைய கதையில், ஒவ்வொரு கண்ணியும் பத்துக்கு எட்டுத் தகவுடையது எனத் தாராளமாகவே கொண்டாலும், சங்கிலி முழுதும் மெய்யாதற்குத் தகவு மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. கேட்பவர் உள்ளமோ பெருக்கிப் பார்ப்பதில்லை. ஐந்தையும் கூட்டிப் பார்த்து மகிழ்கிறது.

பலர் கூடினால் பிழை குறையாதா எனக் கேட்கலாம். ஒரு கட்டுப்பாட்டின்கீழ்க் குறையும். 1906இல் இங்கிலாந்தின் பிளிமத்துக் கால்நடைக் காட்சியில், ஒரு காளையை அறுத்துத் துப்புரவாக்கிய பின் எடை என்னவாகும் எனப் பலர் சீட்டில் எழுதித் தந்தனர். பிரான்சிசு கால்ட்டன் 787 சீட்டுகளை ஆய்ந்து, நடுமதிப்பு 1,207 பவுண்டு எனவும், உண்மை எடை 1,198 பவுண்டு எனவும் கண்டார். வேறுபாடு நூற்றில் ஒன்றைத் தொடவில்லை. எழுதியவர் ஒருவரையொருவர் பார்த்து எழுதாமையே அதன் கமுக்கம். இதனைச் சார்பின்மை என்க. இணையத்திலோ முதலில் எழுந்த குரலை ஆயிரம் பேர் படியெடுக்கின்றனர். ஆயிரம் வாய் இருந்தும் சான்று ஒன்றுதான்.

பாசுட்டன் நகர் ஓட்டப் பந்தயத்தில் 2013 ஏப்ரல் 15 அன்று குண்டுகள் வெடித்தன. ஐயத்திற்குரிய இருவரின் படங்கள் 18 அன்று வெளியாயின. அன்றிரவே இரெடிட் தளத்தில் கூடிய துப்பாளர், மார்ச்சுத் திங்கள் முதல் காணாமற்போயிருந்த இந்திய வழிமரபு மாணவர் ஒருவரே படத்திலுள்ளவர் எனத் துணிந்தனர். மகனைத் தேடித் தவித்த பெற்றோர்மேல் வசை பொழிந்தது. அவர் உடல் 23 அன்று ஓர் ஆற்றில் கிடைத்தது. வெடிப்புக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை. தளத்தார் வருத்தம் தெரிவித்தனர். முன்பின் அறியாத முகத்தைப் படத்தோடு பொருத்துவதில் மாந்தர் எவ்வளவு தடுமாறுவர் என்பதை விக்கி புரூசு குழுவினர் 1999இலேயே காட்டியிருந்தனர்: தெளிவான படத்தைக் கண்முன் வைத்துக்கொண்டே பத்து முகங்களுள் உரியதைப் பொறுக்கச் சொன்னபோது, சரியாகப் பொறுக்கியது நூற்றுக்கு எழுபது அளவே.

வயர் ஆற்று நிகழ்வுக்கு மீண்டும் வருவோம்; அதில் இயற்பியல் உண்டு. கைப்பேசி கரையிலுள்ள இருக்கையில் கிடந்தது. முக்குளிப்போர் தேடியும் உடல் கிடைக்கவில்லை. ஆகவே ஆற்றில் விழவில்லை என்று சொல்லிக்கொண்டு, படமெடுப்போர் அவ்வாற்றங்கரைச் சிற்றூரில் குவிந்தனர். கலைந்து செல்லக் காவலர் ஆணையிடும்படி ஆயிற்று. நுரையீரலில் நீர் புகுந்த உடல் நீரினும் சற்று அடர்வுற்று அடியில் தங்கும். உள்ளே நுண்ணுயிர்கள் வளியைப் பெருக்கிய பின்னரே எழும். வெதுவெதுப்பான நம் கடலில் அதற்குச் சில நாளே தேவை. கடலில் தவறியவரைத் தேடும் நம் மீனவர் கரையில் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என அறிந்திருப்பது இதனாலேயே. பனிக்காலத்து ஆங்கில ஆற்றில் நுண்ணுயிர்த் தொழில் மந்தமாதலின் கிழமைகள் ஆகும். அறமன்றம் அவர் தவறி விழுந்து மூழ்கினார் என்றே முடித்தது. ஆக, உடல் கிடையாமை அங்கே சான்றாகவே இல்லை. குளிர் மட்டுமே பேசிக்கொண்டிருந்தது.

இவை அயல்நாட்டுச் செய்திகள் என ஒதுக்குவாரும் இருக்கலாம். 2018 மே 9 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், கோயிலுக்கு வந்த குடும்பத்தார் வழியில் சிறுவர்க்கு இனிப்பு வழங்கினர். பிள்ளை பிடிப்போர் உலவுகின்றனர் என வாட்சப்பில் பரவிய பொய்ச்செய்தியை நம்பிய கூட்டம் அவர்களைத் தாக்கியது. 65 அகவை மூதாட்டி இறந்தார். அங்கும் கருதலே நிகழ்ந்தது. இனிப்பு அடையாளம், பிள்ளை பிடித்தல் பொருள். இரண்டிற்கும் உள்ள தொடர்பு கைப்பேசி சொன்னது.

தமிழன்பர் புலனம் என வழங்கும் அவ்வாட்சப்பில் ஆறுமுகநேரிக் குழுக்களுக்கு வரும் ‘காணவில்லை’ அறிவிப்புகளையே பாருங்கள். பள்ளிச் சீருடையில் ஒரு படம். ‘இன்று காலை முதல் காணவில்லை’ என்னும் ஒரு வரி. ‘அதிகம் பகிரவும்’ என்னும் மறுவரி. நாளும் ஆண்டும் இல்லை. ஆகையால் அவ்வறிவிப்புக்கு ஒவ்வொரு நாளும் ‘இன்று’தான், வீடு திரும்பிப் படிப்பு முடித்த பெண்ணும் அதில் இன்னும் காணாமலே இருக்கிறாள். ஆள், அகவை, உயரம், உடை, கடைசியாகக் கண்ட இடமும் நாளும், காவல் நிலைய எண் ஆகியவை இருப்பின் அது அறிவிப்பு. இவை இல்லாதது அலர்.

துப்பாளர் வென்ற இடங்களும் உண்டு, மறைத்தல் முறையாகாது. அமெரிக்காவின் கென்டக்கியில் 1968இல் கூடாரத் துணியில் சுற்றப்பட்டுக் கிடந்த இளம்பெண்ணின் உடல் முப்பது ஆண்டு பெயரின்றி இருந்தது. தொழிற்சாலைத் தொழிலாளியான தோட்டு மாத்தியூசு, காணாமற்போனோர் குறிப்புகளை இணையத்தில் இரவிரவாக ஒப்பிட்டு ஒரு குடும்பத்தைக் கண்டார்; 1998இல் மரபணு ஆய்வு அதனை உறுதி செய்தது. அவர் செய்ததும் கருதலே. ஆனால் தம் கருதலை வேறொருவர் வேறொரு கருவியால் பொய்ப்பிக்கத்தக்க வடிவில் உரியோரிடம் ஒப்படைத்தார். எவரையும் கொலைஞன் எனச் சுட்டவில்லை. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017 முதல் சிறார் வன்கொடுமைப் படங்களிலிருந்து ஒரு பை, ஒரு திரைச்சீலை, ஒரு புட்டி எனப் பொருள்களை மட்டும் வெட்டியெடுத்துப் பொதுமக்களிடம் காட்டி, இஃது எந்நாட்டது எனக் கேட்கிறது. கேள்வி சிறிது, விடை சரிபார்க்கத் தக்கது, பழி எவர்மேலும் விழாது. திரளின் அறிவை இவ்வாறு பயன்கொள்வதே முறை என்பது என் துணிபு.

தமிழ்வழியில் பயிலும் நம் பதினோராம் வகுப்பு மாணவர், கணக்குப் பாடநூலின் நிகழ்தகவுப் பகுதியில் பேயீசு தேற்றத்தைத் தமிழிலேயே கற்கின்றனர். பைகளும் வண்ணப் பந்துகளும் அங்கே எடுத்துக்காட்டுகள். ஆசிரியர் ஒரு நாள் பைகளை ஒதுக்கிவிட்டு 10,000 பேர் வாழும் ஊரைக் கரும்பலகையில் எழுதலாம்; அடையாளத்தின் அளவை நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கு ஒன்றாக மாற்றினால் 101 எவ்வளவாகும் எனக் கேட்கலாம். பதினொன்று என்று விடை வரும். பதினொருவருள் பத்துப் பேர் அப்போதும் ஏதுமறியாதவரே.