மண்ணுக்கும் உணவு வேண்டும்

இறம்பொடைச் சரிவுகளில் தேயிலையும் மரக்கறித் தோட்டங்களும் பசுமை காட்டுகின்றன. அப்பசுமையைத் தாங்குவது மேல்மண். பெருமழை பெய்யுந்தோறும் அம்மண் கரைந்து ஓடைக்கு இறங்குகின்றது. அதனைத் தடுக்கும் வழிகளுள் ஒன்று, எரு இடுதல்.

இரசாயனப் பசளை பயிருக்கு உணவு. எருவோ மண்ணுக்கும் உணவு. சாணமும் தழையும் மக்குங்கால் அவற்றிலுள்ள காபனை நுண்ணுயிர்கள் உண்கின்றன. அவை சுரக்கும் பசையும், பூஞ்சண இழைகளும் மண்துகள்களைச் சிறு கட்டிகளாகப் பிணைக்கின்றன. கட்டிகளின் இடைவெளியால் நீர் உள்ளிறங்கும். வேருக்குக் காற்றுக் கிட்டும். காபனின் பெரும்பகுதி காற்றிற் கலந்துவிடும். எஞ்சியதில் ஒரு பங்கு கட்டிகளுக்குள் நெடுங்காலம் தங்கும்.

இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில், 1843 முதல் ஆண்டுதோறும் தொழுவெரு இட்டுவரும் கோதுமை நிலத்தில், இரசாயனப் பசளை மட்டும் பெற்ற நிலத்தைவிட இருமடங்கிற்கு மேல் காபன் சேர்ந்துள்ளது. அது தலைமுறைகளின் சேமிப்பு.

இதில் அவசரம் உதவாது. 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. உழவர் எதிர்ப்பு வலுத்தது. ஆண்டு முடியுமுன்னரே தடை தளர்ந்தது. ஆயினும் அடுத்த பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. எரு பயிர்ச்சத்தை மெல்ல, சிறிது சிறிதாகவே தரும். ஒரே போகத்தில் பசளைக்கு ஈடாகாது.

ஆகவே, பசளையை அளவோடு இட்டு, எருவை ஆண்டுதோறும் சேர்ப்பதே அறிவுடைமை. கவ்வாத்து வெட்டிய மிலாறு முழுவதும் அடுப்புக்குப் போகவேண்டியதில்லை. தடித்தவை அடுப்புக்கு, இலையோடு கூடிய மென்கிளைகள் செடியடிக்கு. இரண்டும் எரியும் வயிற்றுக்கே உதவுவன.