பை, டு, இன், ஆன், அட்... ஒரு சின்ன சொல் மாறினால் அர்த்தமே மாறும்! ஆங்கில ப்ரிபொசிஷனில் நாம் தடுமாறுவது ஏன்?

ஒரு சட்டையின் விலை 1,000 ரூபாய். ஒரு கடையில் 'ப்ரைஸ் ரெட்யூஸ்டு பை 300' என்று போர்டு தொங்குகிறது. எதிர்க்கடையில் அதே சட்டைக்கு 'ப்ரைஸ் ரெட்யூஸ்டு டு 300' என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் எந்தக் கடைக்குப் போவீர்கள்?

முதல் கடையில் 300 ரூபாய் குறையும்; 700 ரூபாய் கட்ட வேண்டும். எதிர்க்கடையில் விலையே 300 ரூபாய்தான். இரண்டு போர்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சொல். 'பை' என்றால் எவ்வளவு குறைந்தது என்று அர்த்தம். 'டு' என்றால் குறைந்து எங்கே வந்து நிற்கிறது என்று அர்த்தம்.

பொருளாதாரச் செய்திகளிலும் இதே கதைதான். 2025 பிப்ரவரி 7-ம் தேதி ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டி விகிதத்தை 6.50 சதவீதத்தில் இருந்து 6.25 சதவீதமாகக் குறைத்தது. இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது, 'கட் பை 25 பேசிஸ் பாயிண்ட்ஸ், டு 6.25 பர்சன்ட்' என்பார்கள். 'பை'யும் 'டு'வும் இடம் மாறினால் செய்தியே தப்பாகிவிடும்.

இந்தச் சின்னச் சொற்களுக்குப் பெயர்தான் ப்ரிபொசிஷன். தமிழில் முன்னிடைச்சொல்.

ப்ரிபொசிஷன் என்றால் என்ன?

ஒரு பொருளுக்கும் வாக்கியத்தின் மற்ற பகுதிக்கும் உள்ள உறவைச் சொல்வது ப்ரிபொசிஷன். எங்கே, எப்போது, யாருக்கு, எதனால், எதிலிருந்து என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில் தரும்.

உங்கள் போனுக்கு வரும் வங்கி மெசேஜைப் பாருங்கள். 'டெபிட்டட் ஃப்ரம் யுவர் அக்கவுண்ட்' என்றால் பணம் போய்விட்டது. 'கிரெடிட்டட் டு யுவர் அக்கவுண்ட்' என்றால் பணம் வந்திருக்கிறது. 'ஃப்ரம்' வெளியே போகும் வழி. 'டு' உள்ளே வரும் வழி.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் ஏன் குழப்பம்?

தமிழிலும் இந்த வேலையைச் செய்ய ஆள் இருக்கிறது. பள்ளியில் படித்த வேற்றுமை உருபுகள் நினைவிருக்கிறதா? ஐ, ஆல், கு, இன், அது, கண்... அவைதான். ஆனால் இரண்டு வித்தியாசங்கள் இருக்கின்றன.

முதல் வித்தியாசம், இடம். தமிழில் உருபு பெயர்ச்சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்ளும். 'சென்னைக்கு' என்பதில் 'கு' கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் 'டு சென்னை' என்று முன்னால் தனியாக நிற்கும்.

இரண்டாவது வித்தியாசம், எண்ணிக்கை. இங்கதான் உண்மையான சிக்கல். 'பெட்டியில் பணம் இருக்கிறது, சுவரில் படம் இருக்கிறது, வாசலில் ஆள் நிற்கிறார்.' மூன்றுக்கும் தமிழில் ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் 'இன் தி பாக்ஸ்', 'ஆன் தி வால்', 'அட் தி டோர்' என்று மூன்று சொற்கள் வேண்டும். அதனால் 'இல் என்றால் இன்' என்று மனப்பாடம் செய்தவர்கள் மூன்றில் இரண்டு இடத்தில் தடுமாறுவார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? தமிழ் உருபை மொழிபெயர்க்காமல், அந்த இடத்தை ஒரு படமாக மனதில் பார்க்க வேண்டும்.

இடம்: இன், ஆன், அட் எப்படிப் பிரிப்பது?

இன்: சுற்றிலும் எல்லை இருக்கிறது, பொருள் உள்ளே இருக்கிறது. அறை, ஊர், மாநிலம், நாடு எல்லாம் இதில் வரும். 'இன் சென்னை', 'இன் இந்தியா'.

ஆன்: ஒரு பரப்பைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. சுவர், மேஜை, சாலை, மாடி. 'ஆன் அண்ணா சாலை', 'ஆன் தி செகண்ட் ஃப்ளோர்'.

அட்: வரைபடத்தில் வைத்த புள்ளி மாதிரி. 'அட் சென்ட்ரல் ஸ்டேஷன்', 'அட் தி பஸ் ஸ்டாப்'.

வண்டிகளுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. உள்ளே எழுந்து நடக்க முடிகிற பஸ், ரயில், விமானம், கப்பலுக்கு 'ஆன்'. உட்கார மட்டும் முடிகிற கார், ஆட்டோவுக்கு 'இன்'. 'ஐ ஆம் ஆன் தி பஸ்', 'ஐ ஆம் இன் தி கார்'. பைக், சைக்கிளுக்கு மேலே ஏறி உட்காருவதால் 'ஆன்'.

அர்த்தம் மாறும் இடமும் உண்டு. 'அப்பா ஈஸ் இன் ஹாஸ்பிடல்' என்று மெசேஜ் வந்தால் அவர் அட்மிட் ஆகியிருக்கிறார் என்று பொருள். 'அப்பா ஈஸ் அட் தி ஹாஸ்பிடல்' என்றால் அவர் அங்கே இருக்கிறார், அவ்வளவுதான். யாரையாவது பார்க்கக்கூடப் போயிருக்கலாம். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு சொல் எவ்வளவு பதற்றத்தைத் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நேரம்: ஒரே தேதியில் மூன்றும்

நேரத்துக்கும் இதே மூன்று சொற்கள்தான். பெரிய அளவுக்கு 'இன்', நாளுக்கு 'ஆன்', மணிக்கு 'அட்'.

இந்தியா சுதந்திரம் அடைந்த தருணத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டு மட்டும் சொன்னால் 'இன் 1947'. மாதம் சொன்னால் 'இன் ஆகஸ்ட்'. தேதி சொன்னால் 'ஆன் ஆகஸ்ட் 15'. நள்ளிரவு என்று நேரம் சொன்னால் 'அட் மிட்நைட்'. அளவு சுருங்கச் சுருங்க இன், ஆன், அட் என்று வரிசையாக வரும்.

'காலையில்' என்பதற்கு 'இன் தி மார்னிங்', ஆனால் 'இரவில்' என்பதற்கு 'அட் நைட்'. இது விதிக்குள் அடங்காது. பழகித்தான் ஆக வேண்டும். வார இறுதிக்கு பிரிட்டிஷ்காரர்கள் 'அட் தி வீக்எண்ட்' என்பார்கள், அமெரிக்கர்கள் 'ஆன் தி வீக்எண்ட்' என்பார்கள். இரண்டுமே சரிதான்.

கடைசி தேதி: பை, அன்டில், பிஃபோர்

வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இது.

'அப்ளை பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமைக்குள். வெள்ளிக்கிழமையும் சேரும். 'அப்ளை பிஃபோர் ஃப்ரைடே' என்றால் வியாழனோடு முடிந்தது. இந்தக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காகத்தான் அரசு அறிவிப்புகளில் 'ஆன் ஆர் பிஃபோர்' என்று போடுகிறார்கள். அந்தத் தேதியிலும் கொடுக்கலாம், அதற்கு முன்பும் கொடுக்கலாம் என்று பொருள்.

'அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமை வரை ஒரு விஷயம் தொடர்கிறது. 'தி ஷாப் ஈஸ் க்ளோஸ்டு அன்டில் ஃப்ரைடே' சரி. ஆனால் மேலதிகாரிக்கு 'ஐ வில் ஃபினிஷ் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதினால் தவறு. அங்கே 'பை ஃப்ரைடே' வேண்டும். இந்த ஒரு இடத்தில் தமிழே கைகொடுக்கும்: 'க்குள்' என்று வந்தால் 'பை', 'வரை' என்று வந்தால் 'அன்டில்'.

இன்டர்வியூவில் அடிக்கடி வரும் இன்னொரு தவறு, 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்'. 'சின்ஸ்' தொடங்கிய நேரத்தைச் சொல்லும். 'ஃபார்' எவ்வளவு காலம் என்று சொல்லும். 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2022' அல்லது 'ஃபார் த்ரீ இயர்ஸ்' என்பதே சரி.

ப்ரிபொசிஷனல் ஃப்ரேஸ் என்றால்?

ப்ரிபொசிஷனும் அதை அடுத்து வரும் பெயர்ச்சொல்லும் சேர்ந்த கூட்டம்தான் ப்ரிபொசிஷனல் ஃப்ரேஸ். மருந்துச் சீட்டில் தினமும் பார்ப்பது இதுதான். 'பிஃபோர் ஃபுட்' என்றால் சாப்பாட்டுக்கு முன். 'ஆஃப்டர் ஃபுட்' என்றால் சாப்பிட்ட பிறகு. 'வித் ஃபுட்' என்றால் சாப்பாட்டோடு. 'ஆன் அன் எம்ப்டி ஸ்டமக்' என்றால் வெறும் வயிற்றில். தைராய்டு குறைபாட்டுக்கான மாத்திரையைப் பொதுவாக வெறும் வயிற்றில்தான் போடச் சொல்வார்கள். சாப்பாட்டோடு போட்டால் உடலில் சேர்வது குறையும்.

'ஃபார் 5 டேஸ்' என்றால் ஐந்து நாளும் மாத்திரை போட வேண்டும். 'ரிவ்யூ ஆஃப்டர் 5 டேஸ்' என்றால் ஐந்து நாள் கழித்து டாக்டரை மறுபடி பார்க்க வேண்டும்.

இந்தக் கூட்டம் எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். 'தி ஷாப்கீப்பர் ஹிட் தி தீஃப் வித் எ ஸ்டிக்' என்ற வாக்கியத்தில் குச்சி யார் கையில் இருந்தது? கடைக்காரர் குச்சியால் அடித்தாரா, குச்சி வைத்திருந்த திருடனை அடித்தாரா? தமிழில் 'குச்சியால்' என்று உருபு வந்ததுமே சந்தேகம் தீர்ந்துவிடும். ஆங்கிலத்தில் தீராது. இப்படி இரண்டு பொருள் வரும் வாக்கியத்தை 'யூஸிங் எ ஸ்டிக், தி ஷாப்கீப்பர் ஹிட் தி தீஃப்' என்று மாற்றி எழுதுவது நல்லது.

போட்டித் தேர்வுகளில் இன்னொரு பொறி வைப்பார்கள். 'தி லிஸ்ட் ஆஃப் கேண்டிடேட்ஸ்' என்பதற்கு அடுத்து 'ஈஸ்' வருமா, 'ஆர்' வருமா? 'ஆஃப் கேண்டிடேட்ஸ்' என்ற கூட்டத்தை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். மிச்சம் இருப்பது 'தி லிஸ்ட்'. அது ஒருமை; எனவே 'ஈஸ்'.

ஜோடியாகத்தான் படிக்க வேண்டும்

சில சொற்கள் தங்களுக்கென்று ஒரு ப்ரிபொசிஷனைப் பிடித்து வைத்திருக்கும். அங்கே தமிழை அப்படியே மாற்றினால் தவறு வரும்.

'என் மேல கோபம்' என்பது 'ஆங்க்ரி ஆன் மி' இல்லை. 'ஆங்க்ரி வித் மி'.

'இங்கிலீஷ்ல கெட்டிக்காரி' என்பது 'குட் இன் இங்கிலீஷ்' இல்லை. 'குட் அட் இங்கிலீஷ்'.

'டாக்டரோடு கல்யாணம்' என்பது 'மேரீட் வித்' இல்லை. 'மேரீட் டு எ டாக்டர்'.

'காபியை விட டீ பிடிக்கும்' என்பதில் 'தேன்' வராது. 'ஐ ப்ரிஃபர் டீ டு காபி'.

'லீவில் இருக்கிறார்' என்பது 'இன் லீவ்' இல்லை, 'ஆன் லீவ்'.

தேவையே இல்லாத இடங்கள்

'டிஸ்கஸ் அபவுட்' என்பது நம் அலுவலகங்களில் தினமும் கேட்கும் தவறு. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றிப் பேசுவது' அடங்கிவிட்டது. 'வி டிஸ்கஸ்டு தி சேலரி' போதும். ஆனால் 'டிஸ்கஷன்' என்று பெயர்ச்சொல்லாக வந்தால் 'டிஸ்கஷன் அபவுட்' சரி.

இதேபோல 'ரீச் டு சென்னை' வேண்டாம்; 'ரீச் சென்னை'. 'கோ டு ஹோம்' வேண்டாம், 'கோ ஹோம்'. அறைக்குள் நுழைவதற்கு 'என்டர் தி ரூம்' போதும். ஒப்பந்தம் போடும்போது மட்டும் 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்' என்று வரும்.

மாறாக, விட்டுவிடக் கூடாத இடங்களும் உண்டு. 'லிசன் டு மி', 'வெயிட் ஃபார் மி', 'எக்ஸ்ப்ளைன் டு மி'.

எப்படிப் பழகுவது?

சொல்லைத் தனியாகப் படிக்க வேண்டாம். 'டிபெண்ட்' என்று நோட்டில் எழுதினால் கூடவே 'ஆன்' சேர்த்து எழுதுங்கள். தெரியாத சொல்லை அகராதியில் தேடும்போது அர்த்தத்தோடு நின்றுவிடாமல், எடுத்துக்காட்டு வாக்கியத்தில் எந்த ப்ரிபொசிஷன் வந்திருக்கிறது என்றும் பாருங்கள்.

பேசும்போது ஒரு 'இன்', 'ஆன்' மாறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகிவிடாது. எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. எழுதும்போது மட்டும், அனுப்பும் பட்டனைத் தொடும் முன் மூன்று விஷயங்களை இன்னொரு தடவை பாருங்கள்: தொகை, தேதி, மருந்து. இந்த மூன்றுக்கும் முன்னால் நிற்கும் சின்னச் சொல் சரியாக இருந்தால், மற்றதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும்.